பெயரைப் போட்டேன், காரியத்தைப் போடவில்லை

அன்பாகப் பேசுவது எப்படி என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிற யாரைக் கண்டாலும் நான் இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படிக் கிளம்பியவள் நான்தான். என் அன்பு தாங்காமல் ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். இதை நான் சொல்லாத நாள் குறைவு. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு உடைக்கிற ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) முப்பது வருஷம் தோல் உரித்தவள். இரண்டு பேரும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. நானோ எம்.ஏ., பி.எட். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். என் பெயரும் பட்டமும் எழுதிய பலகையை வாசலில் மாட்டிவிட்டு, “எழுத்து நேராட்டு இருக்கா மக்களே?” என்று அப்பா என்னிடம் கேட்டார். அது தலைகீழாக இருந்தாலும் அவருக்குத் தெரியாது. அதை நினைத்து எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. பலகை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

எங்கள் சபையில் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது பரீட்சை, யாருடைய மகனுக்காவது விசா என்றால் அதில் ஜெபக்குறிப்பு போடுவார்கள். மற்றவர்கள் கும்பிட்ட கை போடுவார்கள். அமைதியாக ஓடிக்கொண்டிருந்த குழுவில், ஒரு வருஷம் சபைச் சாப்பாட்டுக்குப் பாயசம் யார் வைப்பது என்று சண்டை வந்தது. அடைப்பிரதமனா சேமியாவா என்பதில் தொடங்கி, ஒருவருடைய மாமியார் எப்படிச் செத்தார் என்பதில் போய் நின்றது. போதகரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். “நீ படிச்ச பிள்ள. கொழுவ நீ பாத்துக்கோ. அன்பா பேசப் படிச்சுக்குடு” என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நேரிலும் போனிலும் கனிவாகப் பேசுவது பற்றிப் பத்து நிமிஷம் பேசவும் வேண்டும்.

நான் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். இல்லை, கைப்பற்றினேன் என்பதுதான் சரி.

கனிவான பேச்சுக்குப் பத்து விதிகள் எழுதினேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மருந்துபோல் குழுவில் போட்டேன். விதி மீறியவர்களுக்குத் தனியாக, மிகுந்த அன்புடன், நீளமாக எழுதினேன். ரெஜினா சித்தி ஒரு மரணச் செய்திக்குக் கட்டைவிரல் உயர்த்திய படத்தைப் போட்டுவிட்டார். (செய்தி கிடைத்தது என்பதற்கு அவர் வைத்திருந்த அடையாளம் அது.) அவருக்குப் பதினொரு வரி அனுப்பினேன். அதில் ‘மனம் புண்படாதிருக்கட்டும்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். மறுநாள் சித்தி எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று, தன்னைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்களா என்று அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. சித்தி நீட்டிய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கான்னா தப்பு பெரிசாத்தான் இருக்கும்” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

இந்த நிலையில்தான் லீலா அக்காவின் காரியம் வந்தது.

லீலா அக்கா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தையல் மெஷின் போட்டிருப்பவர். எங்கள் சபையில் பாதிப் பெண்களின் பிளவுஸ் அளவு அவருக்கு மனப்பாடம். புருஷன் இறந்து பதினாலு வருஷம். அந்த மெஷினை மிதித்தே மகள் பிரின்ஸியை நர்சிங் படிக்க வைத்தார். பிரின்ஸிக்கு அப்போது குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. முன்னால் வந்த இரண்டும், தகப்பன் இல்லாத வீடு என்று கைவிட்டுப் போனவை. இந்தப் பையன் மட்டும் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்து, விசாரித்து, தானாகக் கேட்டு வந்தவன். அவளுக்கும் பிடித்திருந்தது. சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அத்தை கிரேஸ் மாமி எங்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவரைக் குழுவில் சேர்த்ததே நான்தான். (‘புதிதாக வருகிறவர்களை அரவணைப்போம்’ என்பது விதி ஐந்து.)

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை லீலா அக்கா ஆராதனைக்கு வரவில்லை. திங்கள், செவ்வாய் மெஷின் சத்தமும் கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் நான் ஒரு பிளவுஸ் துணியோடு போனேன். கதவு ஒரு சாண் அளவு திறந்தது. உள்ளே இருட்டு. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். குரல் குழறியது. அழுதழுது தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

“மனசுக்கு ஒரு பாரம் மக்களே. ஜெபிச்சுக்கோ. என்னன்னு மட்டும் கேக்காண்டாம். ஆருட்டயும் பறயாண்டாம், கேட்டியா?”

பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். நான் நின்றது மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது என் நடையே வேறு. பெரிய ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி நடந்தேன்.

எங்கள் சபைகளில் ஜெபக்குறிப்பு இரண்டு வகை. ஒன்று, காரியத்தைச் சொல்லிக் கேட்பது. இன்னொன்று ‘சொல்லப்படாத காரியம்’. காகிதத்தில் அப்படி மட்டும் எழுதிக் காணிக்கைப் பையில் போட்டுவிடுவார்கள். யார் எழுதினது என்று யாரும் கேட்பதில்லை. என் மூளை இந்த இரண்டாவது வகையைப் பிடித்துக்கொண்டது. அக்கா காரியத்தைச் சொல்லாதே என்றார். சரி, காரியத்தைச் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்காக என்று தெரியாமல் எப்படி மனமுருகி ஜெபிப்பார்கள்? அன்புக்கு ஒரு முகம் வேண்டாமா?

வியாழக்கிழமை விடியற்காலையில் எழுந்து, முக்கால் மணி நேரம் அடித்துத் திருத்தி இதைக் குழுவில் போட்டேன்:

‘அன்பு சகோதரிகளே, நம் லீலா அக்காவின் குடும்பத்தில், வெளியில் சொல்ல இயலாத ஒரு பெரும் பாரம் உண்டாகியிருக்கிறது. அது என்னவென்று யாரும் கேட்க வேண்டாம். அவர்களுடைய தனிமையை மதிப்போம். கண்ணீரோடு ஜெபிப்போம்.’

‘பெரும்’ என்ற சொல் முதலில் இல்லை. வாசித்துப் பார்த்தபோது வாக்கியம் கொஞ்சம் மெலிந்து தெரிந்ததால் சேர்த்தேன். (தமிழ் டீச்சர்.)

கும்பிட்ட கைகள் வந்து குவிய ஆரம்பித்தன. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு நேரத்தில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அலமாரியில் பூட்டிவிட்டுப் போய், எட்டாம் வகுப்புக்கு அன்புடைமை நடத்தினேன். அன்றைக்குப் பாடம் அவ்வளவு நன்றாக வந்தது.

மத்தியானம் போனை எடுத்தேன். குழுவில் நூற்றுக்கு மேல். அது பரவாயில்லை. எனக்குத் தனியாக முப்பத்தெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். ‘எனக்கு மட்டும் சொல்லு, இன்னும் ஊக்கமாக ஜெபிக்கலாம்’ என்பதுதான் எல்லாவற்றுக்கும் சாரம். ஒருவர் புற்றுநோயா என்று கேட்டிருந்தார். ஒருவர் பிரின்ஸி யாருடனாவது போய்விட்டாளா என்று கேட்டிருந்தார். ஷார்ஜாவிலிருந்து ஒருவர், போலீஸ் வந்ததாமே, உண்மையா என்று கேட்டிருந்தார். எனக்கே காரியம் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல எம்.ஏ., பி.எட். இடம் கொடுக்குமா? எல்லோருக்கும் ஒரே பதிலை, கனிவாக அனுப்பினேன்: ‘மன்னிக்கவும் சகோதரி, அதை நான் சொல்வது அன்பாகாது.’

புற்றுநோயா என்று கேட்டவர் புற்றுநோய்தான் என்று எடுத்துக்கொண்டார். ஓடிப்போனாளா என்று கேட்டவர் ஓடிப்போனாள் என்று எடுத்துக்கொண்டார். போலீஸும் உறுதியாயிற்று. சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த, முன்பின் பார்த்தறியாத இரண்டு பெண்கள், தக்கலைப் பக்கம் ஒரு தையல்காரியின் மகளைப் பற்றி உச்சுக்கொட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் கான்சர் வந்த அம்மாவைப் போட்டுவிட்டு ஒரு போலீஸ்காரனோடு போய்விட்டாளாம். மூன்று வதந்திகளையும் யாரோ இவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கினால், லீலா அக்கா வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு குலை பழம் கொண்டுவந்து படியில் வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டு நடையில் பிரின்ஸி நின்றாள். நானும் அவளும் ஒரே வகுப்பு. அவளை அப்படிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்ததாம். சனிக்கிழமை வரவில்லையாம். குடும்பத்தில் ஏதோ காரியம் இருக்கிறதாகக் கேள்வி, அது தெளிந்த பிறகு பார்க்கலாம் என்றார்களாம். கிரேஸ் மாமிதான் என் செய்தியை அப்படியே குலசேகரத்துக்கு அனுப்பியிருக்கிறார். அவரும் ஜெபத்துக்குத்தான் அனுப்பினார்.

“எனக்க அம்மையப் பத்தி என்னத்தட்டி எழுதிப்போட்ட?” என்றாள்.

ஜெபத்துக்காகத்தான் போட்டேன், காரியத்தைச் சொல்லவே இல்லை, வேண்டுமானால் வாசித்துப் பார் என்று போனை நீட்டினேன்.

“பேரு போடாம ஜெபிச்சா கடவுளுக்கு ஆளு தெரியாதோ?”

என் பத்து விதிகளில் எதிலும் அதற்குப் பதில் இல்லை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் எதையாவது கனிவாகச் சொல்லியிருப்பேன். திரும்பிப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி போனை அணைத்துவிட்டு அவள் பின்னால் ஓடியிருப்பாள். நான் உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதினேன். ‘லீலா அக்காவுக்குப் புற்றுநோய் இல்லை. பிரின்ஸி யாரோடும் ஓடிப்போகவில்லை. வீட்டுக்குப் போலீஸ் வரவில்லை. இவற்றை யாரும் நம்ப வேண்டாம்.’ அனுப்பினேன்.

அதுவரை ஒருவருக்கு ஒரு வதந்திதான் தெரியும். இப்போது எல்லோருக்கும் மூன்றும் தெரிந்துவிட்டது. அதுவும் எழுத்துப்பிழை இல்லாமல், வரிசையாக. குவைத்திலிருந்து ஒரு அக்கா, ‘ஐயோ, இவ்வளவும் நடந்திருக்கா’ என்று அழுகிற படம் போட்டார். போதகரம்மா என்னைப் போனில் கூப்பிட்டு, ஒரே வாக்கியம் பேசினார். இனி எதுவும் எழுதாதே மக்களே, தயவுசெய்து, என்றார். அவ்வளவு அன்பாக ஒருவரைத் திட்ட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். பதினொரு மணிவாக்கில் ஒரு ஆட்டோ வந்து லீலா அக்கா வீட்டு முன்னால் நின்றது. கிரேஸ் மாமியும் மாப்பிள்ளையின் அம்மாவும் இறங்கினார்கள். நேரில் பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் வந்துவிட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் பிரின்ஸி வந்து, அம்மா கூப்பிடுகிறாள், வா என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வாட்ஸாப்பில் ஒரு நூறு பேருக்கு முன்னால் பேசின நான், தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் போனேன்.

முன்னறையில் மாப்பிள்ளையின் அம்மா நாற்காலி நுனியில் இருந்தார். கிரேஸ் மாமி என்னைப் பார்த்ததும் அனுதாபமாகக் கும்பிட்டார். உள்ளறைக் கதவு திறந்தது. லீலா அக்கா வெளியே வந்து, நடுவில் நின்று, சேலைத் தலைப்பை எடுத்தார்.

நான் கத்திவிட்டேன். கத்தினது நான் ஒருத்திதான்.

அக்காவின் முகம் ஊறவைத்த இட்லி மாதிரி உப்பியிருந்தது. கண் இரண்டும் கோடு. உதடு ஒரு பக்கம் தடித்துத் தொங்கியது. நெற்றியைச் சுற்றிக் கறுப்பும் சிவப்புமாகக் கொப்புளம் வரிகட்டியிருந்தது.

“டை அடிச்சேன்” என்றார் அக்கா.

மகளைப் பேசி முடிக்க வருகிற நாளில் நரைத்த தலையோடு நிற்க வேண்டாம் என்று, போன சனிக்கிழமை கடையில் ஒரு டப்பா வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு பூசியிருக்கிறார். விடிந்து பார்த்தால் முகம் இப்படி. டாக்டரிடம் போய் ஊசி போட்டு, மாத்திரையும் தின்று, இது வீக்கம் பாதி குறைந்த முகமாம். வெளியில் சொல்லாததற்குக் காரணம், மூன்று வருஷத்துக்கு முன்பு மகளிர் கூட்டத்தில் இதே லீலா அக்கா எழுந்து நின்று, கர்த்தர் தந்த நரையைச் சாயம் பூசி மறைப்பது வீண் பெருமை என்று இருபது நிமிஷம் பேசியிருந்ததுதான். நான்கூடக் கைதட்டியிருந்தேன். அவ்வளவுதான் பெரும் பாரம். வெளியில் சொல்ல இயலாத பெரும் பாரம்.

வெளியே ஆட்டோக்காரர் இருமுவது கேட்டது. பிரின்ஸி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாழ்க்கை அந்த அறையில் மாப்பிள்ளையின் அம்மா சொல்லப்போகிற அடுத்த வார்த்தையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தவள் நான்.

அந்த அம்மா எழுந்து அக்காவின் பக்கத்தில் போனார். நெற்றியைக் கிட்டத்தில் பார்த்தார். அந்த அம்மாவின் கூந்தல் அட்டைக்கரியாக இருந்தது. அறுபது வயதில் அப்படி ஒரு கறுப்பு இயற்கையில் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஏது டப்பா?” என்று கேட்டார், மெதுவாக.

“பச்ச” என்றார் அக்கா.

“பச்ச ஆகாது மைனி. எனக்கு அதுல காது ரெண்டும் பப்படம் கணக்கா வீங்கிச்சு. நான் ஒரு மாசம் முக்காடு எடுக்கல்ல. இவ கேட்டதுக்குக் காதுகுத்துன்னு சொன்னேன்.”

‘இவ’ என்று அவர் காட்டிய கிரேஸ் மாமி வாயைப் பிளந்தார். அறுபது வயதுக்காரிக்குக் காதுகுத்து என்றதை அவரும் நம்பியிருக்கிறார். முதலில் சிரித்தது பிரின்ஸி. பிறகு எல்லோரும். லீலா அக்காவுக்கு ஒரு பக்க உதடுதான் சிரிக்க வந்தது, மறு பக்கம் வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. அக்கா, தப்பு என்னுது என்று சொன்னேன். நான் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

“ஏட்டி, அண்ணைக்கு ஒரு அஞ்சு நிமிசம் உள்ள வந்து இருந்திருந்தா நீயே கண்டிருப்பியே” என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. போனில் எழுத முக்கால் மணி நேரம் இருந்தது எனக்கு.

அப்போது பின்வாசல் வழியாக ஒரு ஆள் சர்வசாதாரணமாக உள்ளே வந்தது. எங்கள் அம்மா. கையில் ஒரு கிண்ணம், அதில் வழித்தெடுத்த கற்றாழைச் சோறு. விருந்தாளிகளைக் கண்டு கொஞ்சம் தயங்கிவிட்டு, அக்காவை உட்காரவைத்து நெற்றியில் தடவ ஆரம்பித்தாள். அக்காவும் பழக்கப்பட்ட ஆள் மாதிரி முகத்தைக் காட்டினார்.

அம்மா, உனக்கு இது தெரியுமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்றாள். அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

“ஆருட்டயும் பறயாண்டாம்னு சொன்னாளே” என்றாள் அம்மா. இதில் என்ன சந்தேகம் என்பதுபோல என்னைப் பார்த்தாள். ஐந்து நாளாக இரண்டு நேரமும் கிண்ணத்தோடு போய் வந்திருக்கிறாள். அதே வீட்டில் இருந்துகொண்டு நான் அதைக் கவனிக்கவில்லை. கனிவு பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசி முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என் பத்து நிமிஷப் பேச்சு. எட்டுப் பக்கம் தயாரித்திருந்தேன். மேடையில் ஏறிப் பார்த்தால் லீலா அக்கா, பாதி வடிந்த முகத்தோடு, முக்காடு இல்லாமல் முன்வரிசையில் இருக்கிறார். பக்கத்தில் ரெஜினா சித்தி. சபை முழுக்க என்ன சொல்லப்போகிறாள் என்று ஆசையாகப் பார்த்தது. எட்டுப் பக்கத்தையும் மடித்தேன். அக்காவிடம் வீட்டில் வைத்துச் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். சித்தியிடமும் மன்னிப்புக் கேட்டேன். யாருக்காவது பாரம் என்றால் போனை எடுக்கும் முன் செருப்பைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சித்தி கூட்டத்துக்கு நடுவில் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிரின்ஸி இப்போது குலசேகரத்தில் சந்தோஷமாக இருக்கிறாள். என்னிடம் பேசுகிறாள். எங்கள் வீட்டில்தான் நிலைமை மாறிப்போயிற்று. காரணம் சொல்லாமல் விட்டால் ஊர் என்ன செய்யும் என்பதை அப்பா கண்ணால் பார்த்துவிட்டார் அல்லவா? அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அவர் வாசலில் போய் நின்று, போகிற வருகிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் எந்த மூட்டு என்பதுவரை தெருவுக்குத் தெரியும். நான் ஒரு நாள் லீவு போட்டால், பால்காரர் என் வயிற்றுப்போக்கை விசாரிக்கிறார்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு தாய்மாமா. காபித் தட்டை ஏந்திக்கொண்டு, எம்.ஏ., பி.எட். படித்த அடக்கத்தோடு நடந்து வந்தேன். நடு அறையில் வைத்து ஒரு தும்மல் வந்தது.

அப்பா சட்டென்று எழுந்து நின்றார்.

“சளிதான்” என்றார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து. “வேற ஒண்ணும் இல்ல. மூக்குல மட்டும்தான்.”